பின்னறை ஜன்னலின் குளவிகள்

9 மார்ச் 2025, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வீடு திரும்புவதற்குள் பிரின்சியின் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன. குட்டியானை வண்டியில் ஒரு பீரோ, ஒரு கட்டில், மூன்று புத்தகப் பெட்டி, ஒன்பது பூந்தொட்டி. பதினாறு வருஷம் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளின் சொத்து அவ்வளவுதான். இப்போது கும்மிடிப்பூண்டிக்கு மாற்றல். ஆரம்பாக்கத்தில் அண்ணன் என் வீடு இருக்கும்போது தங்கை வேறெங்கே தங்குவாள் என்று என் மனைவி செல்வி முதல் நாளே முடிவு கட்டிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொன்னதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

பின்னறையை அவளுக்கென்று போன வாரமே வெள்ளையடித்து வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் தோட்டம். செல்வியின் பாகல் பந்தல், கத்தரி, ஒரு எலுமிச்சை. சாயங்காலம் நல்ல காற்று வரும்.

வெளியே நின்று ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள். "அண்ணா, இங்க வந்து பாரேன். சன்ஷேடுக்குக் கீழ குளவி கூடு கட்டிக்கினு கீது."

நான் போகவில்லை. கையில் கட்டில் சட்டம் இருந்தது. அதைக் காரணமாகச் சொன்னேன்.

மில்லில் கொடுத்த டைரி இது. இரண்டு மாதமாக ஷிப்ட் நேரம் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று ஏனோ இவ்வளவு எழுதிவிட்டேன்.

10 மார்ச், திங்கள்

முதல் ஷிப்ட். வேலை நேரம் முழுக்க அந்தக் கூட்டின் நினைப்பு. மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க வேண்டும்.

12 மார்ச், புதன்

சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். கூட்டைக் கலைத்துவிடலாம், நானே யாரையாவது கூட்டி வருகிறேன் என்றேன்.

"எதுக்கு? அது பாட்டுக்கு அது கீது. உன்ன இன்னா பண்ணுச்சு?" என்றாள் பிரின்சி.

"கொட்டும்."

"நீ கைய வுட்டா கொட்டும். கைய வுடாத."

செல்வியும் அவள் பக்கம்தான். "போன வருசம் பாகல் எலையெல்லாம் பச்சப் புழு தின்னு சல்லடையா கெடந்துச்சு. இந்த வருசம் எல முழுசா கீது பாருங்க. இதுங்க புழுவப் புடிச்சினு போறத நானே பாத்தேன்."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் என் பேச்சு எடுபடாது. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இருபத்தைந்து வருஷமாக ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பதடி உயரத்தில் கேபின். கீழே செக்கச்செவேலென்று இரும்பு போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பயந்ததில்லை. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சிக்கு உள்ளங்கை வேர்க்கிறது. இதை யாரிடம் சொல்வது?

16 மார்ச், ஞாயிறு

இன்று போய்ப் பார்த்தேன். பதினைந்தடி தள்ளி, எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் நின்று.

சாம்பல் நிறத்தில், மெல்லிய அட்டையில் செய்தது போல இருக்கிறது. ஒரு சின்னக் காம்பில் குடை மாதிரி தொங்குகிறது. அடிப்பக்கம் முழுக்க அறை அறையாக ஓட்டை. உள்ளங்கை அளவு இருக்கலாம். மேலே பதினொரு குளவி. சிவப்பும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறம். ஒன்று பறந்து வெளியே வந்தபோது காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது. என் பக்கம் வரவில்லை. இருந்தாலும் நான் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

23 மார்ச், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப் போகிறார்கள்.

1988. எனக்குப் பன்னிரண்டு வயது, பிரின்சிக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் லீவு. அப்பாவும் அம்மாவும் கதிர் அறுக்கப் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஏரிக்கரைக்கு ஈச்சம்பழம் பறிக்கப் போனோம். புதருக்குள் முறம் அகலத்துக்கு ஒரு குளவிக் கூடு இருந்தது. கல் போடாதே என்று சொன்னேன். அவள் போட்டாள். குறி தப்பவில்லை.

நான் ஓடினேன். திரும்பிப் பார்க்காமல் ஓடினேன். ஏரியில் இடுப்பளவுதான் தண்ணீர். உட்கார்ந்துகொண்டேன். அவள் கத்தியது கேட்டது. அது கேட்கக் கூடாது என்று தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன். மூச்சு முட்டி வெளியே வந்தால் மறுபடி கேட்டது. மறுபடி உள்ளே.

நான் கரை ஏறும்போது சத்தம் நின்றிருந்தது. வரப்பில் குப்புறக் கிடந்தாள். முகம் பூசணிக்காய் மாதிரி. வயலிலிருந்து ஓடிவந்த அப்பா யாரிடமோ சைக்கிள் வாங்கி, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாலு நாள் கண் திறக்கவில்லை. இருபத்தேழு கொட்டு என்று நர்சம்மா எண்ணிச் சொன்னார்கள்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா கேட்டார், யாருடா கல்லு போட்டது? நான்தான் என்றேன். புளியங்குச்சி ஒடிகிற வரைக்கும் அடித்தார்.

அவளைக் காப்பாற்ற அப்படிச் சொல்லவில்லை. எனக்கு அடி வேண்டியிருந்தது.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை வேறு. தங்கச்சிக்காக அடி வாங்கின அண்ணன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பிரின்சி எனக்குச் சட்டை எடுத்து வருவாள். முப்பதுக்கு மேல் சட்டை ஆகிவிட்டது. போட்டுக்கொண்டு நிற்கிறேன். இன்னா மனுசன் நான்?

1 ஏப்ரல், செவ்வாய்

பதினாறு குளவி என்கிறாள் பிரின்சி. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம்.

6 ஏப்ரல், ஞாயிறு

மத்தியானம் மூன்று பேரும் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்தோம். நான் கூட்டுக்கு முதுகைக் காட்டாத மாதிரி இடம் பார்த்து உட்கார்ந்தேன்.

பிரின்சிக்கு இதெல்லாம் சினிமா பார்ப்பது போல. ஒரு குளவி பச்சை உருண்டை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வந்தது. "புழுவ அங்கயே மென்னு உருட்டினு வந்துடுது. இப்ப பாரேன், இன்னொருத்திக்குப் பிச்சிக் குடுக்கும். அது போயி குஞ்சுங்களுக்கு ஊட்டும்." சொன்னபடியே நடந்தது. பெரிய வார்டில் மதியச் சாப்பாடு கொடுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள் செல்வி. எனக்கும் சிரிப்பு வந்தது.

பிறகு கேட்டேன், உனக்குப் பயமே இல்லையா, மறுபடி கொட்டினால் என்ன ஆவது?

"நர்சிங் ஹாஸ்டல்ல ரெண்டு தபா கொட்டுச்சுண்ணா. கொஞ்சம் வீங்கி எறங்கிடுச்சு. அன்னிக்கு இருவத்தேழு. அதான் ஒடம்பு தாங்கல. மூச்சு கீச்சு எறச்சா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், அவ்ளோதான். ஆஸ்பத்திரியே நம்ம ஊட்ல கீது, அப்புறம் இன்னா?"

பிறகு செல்வியிடம் திரும்பி வேறு ஏதோ பேசப் போய்விட்டாள். அன்னிக்கு என்று அவள் சொன்னபோது என் முகத்தைப் பார்த்தாளா, கீரையைப் பார்த்தாளா? தெரியவில்லை.

17 ஏப்ரல், பெரிய வியாழன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொய், பொறாமை எல்லாம் சாமியாரிடம் சொன்னேன். அதைச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லை.

20 ஏப்ரல், ஈஸ்டர்

செல்வியின் அண்ணன் வீட்டார் சாப்பிட வந்திருந்தார்கள். பிரியாணி. தாம்பூலத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பழைய கதை பேசும்போது பிரின்சி அதை ஆரம்பித்தாள். "எங்க அண்ணன் மாதிரி வராது. எனக்காக அடி வாங்குனவரு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து போய் மோட்டார் போட்டேன். டேங்க் ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

4 மே, ஞாயிறு

கத்திரி வெயில் ஆரம்பம். கூடு இப்போது சாப்பாட்டுத் தட்டில் பாதி அளவு. முப்பதுக்கு மேல் இருக்கும், எண்ண முடியவில்லை.

காலையில் பிரின்சியின் தலையணை மேல் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அவள் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் காலண்டர் அட்டையைச் சொருகி, ஜன்னல் வழியாக வெளியே விட்டாள். விட்டுவிட்டுத் தலையணையைத் தட்டினாள். அவ்வளவுதான்.

எனக்கு அவ்வளவுதான் இல்லை. அந்தத் தலையணையில் அந்த முகம்... நாலு நாள் திறக்காத கண்... அதுதான் தெரிந்தது. போதும். இதற்கு மேல் என்னால் முடியாது.

பக்கத்து வீட்டு ராஜமாணிக்கத்திடம் சொன்னேன். அவர் அப்பாவின் நிலத்தில்தான் எங்கள் அம்மா நாற்று நட்டாள். இன்று எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே மதில்சுவர். "இத்தினி நாளா சொல்லாம இருந்தியேபா! ஒரு கழியில கோணியச் சுத்தி ரெண்டு நிமிசம் காட்டுனா முடிஞ்சுது" என்றார். வருகிற ஞாயிறு பிரின்சிக்கு மதிய டூட்டி. அவள் வருவதற்குள் முடித்துவிடலாம். செல்வியிடம் சொல்லவில்லை.

11 மே, ஞாயிறு

இன்று கையெழுத்து இப்படித்தான் வரும்.

சாயங்காலம் ஐந்தரைக்கு ராஜமாணிக்கம் வந்தார். நீளமான மூங்கில் கழி, நுனியில் கோணி, ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். செல்வி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். "நீ அங்கயே இருபா, நான் பாத்துக்கறேன்" என்று அவரும் சொன்னார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பற்ற வைத்தார்.

கழியைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்திருப்பார். கேட் திறக்கிற சத்தம். பிரின்சி. யூனிபார்ம்கூட மாற்றவில்லை. நாளைக்கு லீவு வேண்டுமென்று கூட வேலை செய்கிறவள் இன்றைக்கு மீதி டூட்டியை எடுத்துக்கொண்டு இவளை அனுப்பிவிட்டாளாம். அதெல்லாம் பிறகு சொன்னது. அப்போது பையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தாண்டி நேராக ஓடினாள். ஜன்னலுக்கு முன்னால், கூட்டுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

"ண்ணா, கழியக் கீழ எறக்குங்க. இது நான் இருக்கற ரூமு. என்னக் கேக்காம எரிப்பீங்களா?"

"உங்க அண்ணன்தாம்மா எரிக்கச் சொன்னாரு!"

அவர் என் பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் கழியின் நுனி மேலே போய்விட்டது. கூட்டின் ஓரத்தில் நெருப்பு பட்டது. ஒரு விநாடிதான். புகையோடு அத்தனை குளவியும் கிளம்பிவிட்டது.

ராஜமாணிக்கம் கழியைப் போட்டுவிட்டு ஓடினார். ஓடும்போதே காதைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பிரின்சி நகரவில்லை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். அவளைச் சுற்றிப் பறக்கின்றன. அவள் தலைக்கு மேலே, தோளுக்குப் பக்கத்தில்...

நான் போனேன்.

எப்படிப் போனேன் என்று எழுத வரவில்லை. கேட்டிலிருந்து ஜன்னல் வரை முப்பதடி இருக்கும். கால் கீழே பட்ட ஞாபகமே இல்லை. கொடியில் காய்ந்த போர்வை ஒன்று என் கையில் இருந்தது. எப்போது உருவினேன்? அதை அவள் மேல் போட்டு, நானும் அதற்குள் நுழைந்து, அவளை அணைத்துத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

அவளுக்கு ஒரு கொட்டுகூட இல்லை. எனக்கும் இல்லை. "ஆடாம நின்னா ஒண்ணும் பண்ணாதுண்ணா. நீதான் ரயில் மாதிரி வந்தே" என்றாள். உட்கார்ந்து சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தொன்பது வயதில்.

முதலில் பிரின்சி மதிலுக்கு அந்தப் பக்கம் போய் ராஜமாணிக்கத்தின் காதைப் பார்த்தாள். சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ் வைத்து, அரை மணி நேரம் கூடவே இருந்து மூச்சைக் கவனித்துவிட்டு வந்தாள். பிறகு டீ போட அடுப்பைப் பற்ற வைத்தாள். அதற்குள் செல்வியும் வந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னேன்.

"நான் ஓடிட்டேன்."

"எப்போ?"

"ஏரிக்கரையில. நீ கத்துனே. எனக்குக் கேட்டுச்சு. தண்ணியில தலைய வுட்டுக்கினேன்."

பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"உன் பின்னாடிதானே வந்தேன். முன்னாடி ஓடறவன் முதுகு தெரியாதா?"

முப்பத்தேழு வருஷம். அவளுக்குத் தெரியும்.

"நீயும் நின்னிருந்தா ரெண்டு பேரும் கெடந்திருப்போம். ஒரு சைக்கிள்ல அப்பா யாரத் தூக்கினு போவாரு?" வார்டில் யாருக்கோ மாத்திரை சொல்கிற குரலில் சொன்னாள்.

"அப்போ அந்தச் சட்டை? வருசா வருசம்..."

"ஓடுனது தனி. அடி வாங்குனது தனி. கல்லு போட்டது நானு. இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொன்னியா நீ?" டீத்தூளைப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நீ அடி வாங்கறப்போ நான் உள்ளதான் படுத்துனு இருந்தேன். அப்பவும் கண்ணு சரியாத் தெரியல. காது நல்லா கேட்டுச்சு. நான்தான்பா போட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. குச்சி ஒடியறது கேட்டுச்சு, அப்பவும் சொல்லல."

செல்வி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இத்தினி வருசமா இத்தயா ரெண்டு பேரும் வச்சினு இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, டீயை அவளே வடிகட்டினாள்.

இனிப்பு அதிகம். மூன்று பேரும் குடித்தோம்.

12 மே, திங்கள்

நன்றாகத் தூங்கினேன்.

14 மே, புதன்

கூட்டின் ஒரு ஓரம் கருகிப்போய்விட்டது. கால்வாசி இருக்கும். குளவிகள் பத்துப் பன்னிரண்டுதான் தெரிகிறது. கருகிய பகுதியை அவையே கடித்துக் கடித்துக் கீழே போடுகின்றன. ஜன்னல் திட்டில் கரித்தூள்.

போய் ராஜமாணிக்கத்தைப் பார்த்தேன். தப்பு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். காது இன்னும் கொஞ்சம் சிவப்பாக இருந்தது. "உன் ஊட்டு விவகாரம் தெரியாம நான் கழியத் தூக்கினு வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றார். நாஷ்டா சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். அந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் இட்லி சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.  இன்னொரு இட்லி வைத்தார்.

8 ஜூன், ஞாயிறு

பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கிட்டே போனால் உள்ளங்கை வேர்க்கிறது. ஆனால் போகிறேன்.

மில்லில் ஆள் நடக்கிற வழிக்கு மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள். மீந்த பெயின்ட் கொஞ்சம் வீட்டில் இருந்தது. பின்கட்டு சிமென்ட் தரையில் கூட்டைச் சுற்றி எட்டடிக்கு ஒரு அரைவட்டம் போட்டேன். துணிக்கொடியை இந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன். கேட்டில் ஒரு பலகை: "குளவி உண்டு. பின்பக்கம் சத்தம் போடாமல் வரவும்." கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் அதைப் படித்துவிட்டு, "நாய்தான் சார் எழுதுவாங்க" என்றார்.

செல்விக்கு ஒரே சிரிப்பு. "ஊட்டையே மில்லாக்கிட்டாரு."

13 ஜூலை, ஞாயிறு

பாகல் இந்த முறை கொள்ளாமல் காய்க்கிறது. பந்தலுக்குள் கை விடும் இடமெல்லாம் காய். ராஜமாணிக்கம் வீட்டுக்கு ஒரு பை, ஆஸ்பத்திரிக்கு ஒரு பை, மில்லில் என் ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு பை. "உன் பூச்சிங்க நல்லா வேல செய்யுதுபா" என்று மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார் ராஜமாணிக்கம்.

பிரின்சி பாகற்காயை வெல்லம் போட்டுச் செய்கிறாள். செல்வி புளி போட்டுச் செய்கிறாள். எனக்கு இரண்டும் வேண்டும். எதை நல்லா இருக்கிறது என்று சொன்னாலும் வம்பு. வாயைத் திறக்காமல் இரண்டையும் தின்று தீர்க்கிறேன்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று பார்த்ததை யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை.

காலை பத்து மணி. நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய கதண்டு ஒன்று வந்தது. கறுப்பு, வயிற்றில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. நம் குளவி போல மூன்று மடங்கு இருக்கும். நேராகக் கூட்டில் போய் இறங்கியது. ஐம்பதுக்குக் குறையாமல் குளவி இருந்திருக்கும் கூட்டில். சண்டை போடும் என்று பார்த்தேன். ஒன்றுகூடப் போடவில்லை. அத்தனையும் விட்டுவிட்டு ஓடிவிட்டன.

ஓடிப்போய்ப் பாகல் இலையிலும் ஜன்னல் கம்பியிலும் கும்பல் கும்பலாக உட்கார்ந்துகொண்டன. அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தன. அந்தக் கதண்டு அறை அறையாகத் தலையை விட்டுக் குஞ்சுகளை இழுத்துத் தின்றது.

என்னால் உட்கார முடியவில்லை. "பிரின்சி! செல்வி!" என்று கத்திக்கொண்டே தென்னை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனேன். என் கோட்டை நானே தாண்டிப் போனேன். இரண்டு வீச்சில் அது பறந்துவிட்டது. அரை மணியில் திரும்பி வந்தது. மறுபடி விரட்டினேன். மத்தியானம் சாப்பாட்டைப் பின்கட்டுக்கே கொண்டுவரச் சொன்னேன். மடியில் தட்டு, பக்கத்தில் விளக்குமாறு.

"மூணு மாசம் முன்னாடி எரிக்கப் போனவரு இவரு" என்றாள் செல்வி.

"காவக்காரன் வேல குடுத்துட்டாங்க, செய்யட்டும் அண்ணி" என்றாள் பிரின்சி.

சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை வந்து எஞ்சியதையும் தின்றுவிட்டுப் போயிற்று. அப்போது நான் முகம் கழுவப் போயிருந்தேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

கூடு காலி. குளவிகள் இன்னும் இலை மேல்தான் இருக்கின்றன. மனசுக்கு என்னவோ போல இருக்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

திரும்பிவிட்டன. எல்லாம் இல்லை, முப்பது இருக்கலாம். பழைய கூட்டுக்கு ஒரு சாண் தள்ளி, அதே சன்ஷேடில் புதிதாகக் காம்பு வைத்திருக்கின்றன. பட்டன் அளவுக்கு நாலு அறை. மதில் ஓரத்துப் பழைய மரப்பலகையைச் சுரண்டித்தான் எடுத்துப் போகின்றன. காதை வைத்துக் கேட்டால் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது.

ஓடிப்போனவை. அவைதான் கட்டுகின்றன.

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் லேட்.

12 அக்டோபர், ஞாயிறு

திருவள்ளூரில் பிரின்சியின் பழைய இடம் காலியாக இருக்கிறதாம். வேண்டுமானால் எழுதிக் கொடுக்கச் சொல்லி அங்கிருந்த சிஸ்டர் போன் செய்தார்கள். அவளுக்கு அங்கே சிநேகிதிகள் உண்டு. பதினாறு வருஷப் பழக்கம். ரயில் ஏறினால் சென்னை. போகட்டும், அவள் விருப்பம் என்று நானும் செல்வியும் உள்ளே பேசிக்கொண்டோம். பேசிவிட்டு செல்வி மீன் கழுவப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது அவளே சொன்னாள். "வேணான்னுட்டேன்."

"ஏன்?" என்றேன்.

"திரும்ப அந்த பீரோவ யாரு தூக்கறது?"

செல்வி எழுந்து போய் அவளுக்கு இன்னொரு துண்டு மீன் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

26 அக்டோபர், ஞாயிறு

நாலு நாளாக மழை. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சன்ஷேடுக்குக் கீழ் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகவில்லை. நான் கட்டிய சன்ஷேட்.

9 நவம்பர், ஞாயிறு

இன்று குளவி கொட்டியது.

சாய்ந்த பந்தலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இலைக்குப் பின்னால் ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்க்காமல் கையை வைத்துவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரல். சுரீர் என்று முழங்கை வரை ஏறியது. நான் கத்தியதைக் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராஜமாணிக்கம், "காதுலயாபா?" என்று கேட்டார்.

பிரின்சி சோப்பு போட்டுக் கழுவினாள். ஐஸ் வைத்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, "அரை மணி நேரம் எங்கயும் போவாத. என் கண்ணு முன்னாடி உக்காரு" என்றாள். பின்கட்டில் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். நல்ல வெயில், மழைக்குப் பிறகு வருகிற இதமான வெயில். அவள் எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். விரல் விண்விண்ணென்று தெறித்தது. கொஞ்ச நேரம் அதையே கவனித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது மணி ஒன்று. விரல் வாழைக்காய் மாதிரி. தலைக்கு மேலே கூட்டில் அவை பாட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. யாரோ என் முகத்தில் வெயில் படாமல் குடையை விரித்து ஜன்னல் கம்பியில் சொருகி வைத்திருந்தார்கள்.

"மூச்சு எப்படிக் கீதுன்னு கிட்ட வந்து பாத்தேன்" என்றாள் பிரின்சி. "குறட்ட வுட்டுக்கினு இருந்தே."